‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(கோவையில் தலித், பழங்குடி மாணவர்கள் சேர்ந்து கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிஞர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலேதான் நான் கவிஞன். பகல் முழுக்க பேங்க் கிளார்க்குங்க. அதனால் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த ஒரு சங்கதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊர், பேர் சொல்ல மாட்டேன். அது எங்கள் தொழில் தர்மம்.

மலையடிவாரத்தில் ஒரு கிளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒருநாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம், ஒரு பெண் கணக்குத் தொடங்க வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மலைமேல் இருக்கிற பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அழகான கையெழுத்து. பேர், அப்பா பேர், முகவரி எல்லாம் கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தவர் ‘தொழில்’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டார்.

“ஏனுங்க சார், இதுல என்ன எழுதறதுங்க?”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“எங்கூருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர்றனுங்க.”

“அப்ப டீச்சர்ன்னு எழுதுங்க.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “டீச்சர்ன்னு எங்கியும் எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். தொண்டு செய்யறவங்கன்னுதான் எழுதோணுமாம்.”

எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. விவசாயம், வியாபாரம், அரசுப் பணி, தனியார் பணி, மாணவர், இல்லத்தரசி, இதர. கடைசியில் ‘இதர’ என்பதில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அந்த டிக்கைப் போட்டது என் கைதான். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இங்கே நிற்கிறேன்.

ஒரு மனுசி ஐந்து மைல் சுற்றளவில் வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்கிறார். பிள்ளைகள் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் காகிதத்தில் அவர் ‘இதர’. இன்றைக்கு நான் பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். மலைக்கிராமங்களில் பழங்குடி ஆசிரியர் என்பவர் யார்? அவரை யார் ஆசிரியராக ஒத்துக்கொள்கிறார்கள், யார் ஒத்துக்கொள்வதில்லை?

*

முதலில் சில கணக்குகள். கிளார்க் இல்லையா, கணக்கில்லாமல் பேச வராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அன்றைக்குப் பட்டியலில் 36 சமூகங்கள் இருந்தன. 2023-இல் நரிக்குறவர், குருவிக்காரர் சேர்க்கப்பட்டார்கள். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடிகளுக்கு 54 சதவீதம். நம்ம கொங்குப் பக்கம் எடுத்துக்கொண்டால், ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர் என ஆறு சமூகங்கள் வாழ்கின்றன. ஆனைகட்டிப் பக்கம் இருளர். சத்தியமங்கலம், தாளவாடி மலைகளில் சோளகர், ஊராளி. பக்கத்திலேயே நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறையும் அரசே மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது.

இந்த மலைகளில் பள்ளிக்கூடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை மாநிலம் முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. கட்டடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதுதான் கேள்வி.

நம்ம ஆபீசுகளில் ஒரு மிரட்டல் உண்டு. எல்லோரும் கேட்டிருப்பீங்க. “தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திப் போடுவேன்.” இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள் தோழர்களே. மலைப்பள்ளி என்பது நிர்வாகத்தின் மனதில் ஒரு தண்டனை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு இருபத்தேழு. அந்த வளைவுகளைத் தாண்டி மேலே போகிற ஆசிரியர்களில் ஒரு பகுதி, போகிற நாளிலேயே கீழே இறங்குகிற நாளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தண்டனை என்று சொல்லி அனுப்பினால் எந்த மனுசனும் தண்டனைக் காலத்தைத்தான் எண்ணுவான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தத் தண்ணியில்லாத காடுதான் வீடு. தன் வீடு இன்னொருவருக்குத் தண்டனை என்பதை அந்தப் பிள்ளை ஆறு வயதிலேயே தெரிந்துகொள்கிறது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் அச்சடிக்கப்படாத முதல் பாடம்.

*

இந்த இடத்துக்குள் பழங்குடி இளைஞர் ஒருவர் ஆசிரியராக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை மூன்று ஜோடிக் கண்கள் பார்க்கின்றன.

பள்ளிக்கூடத்தின் கண்ணில் அவர் மொழிபெயர்ப்பாளர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதால் “அவன் என்ன சொல்றான், கேளப்பா” என்று கூப்பிடுவார்கள். பிள்ளை காட்டுக்குள் ஓடிவிட்டால் தேடிக் கூட்டிவர அவர்தான். வகுப்பெடுப்பது இன்னொருவர். பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இவர்.

ஊரின் கண்ணில் அவர் கவர்மெண்டு ஆள். ரேஷன் கார்டு முதல் வன உரிமைச் சட்டத்து மனு வரைக்கும் எழுதித் தர வேண்டியவர். எழுதித் தந்தும் பட்டா வரவில்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

செக்போஸ்டின் கண்ணில் அவர் வாத்தியாரும் இல்லை, கவர்மெண்டும் இல்லை. பையைத் திறந்து காட்ட வேண்டிய ஒரு ஆள். அவ்வளவுதான். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகமான பிறகு காகிதம் கேட்பதும் கூடிவிட்டது.

இந்த மூன்றுக்கும் நடுவில் ‘நான் ஆசிரியர்’ என்று அவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்ள எங்கே இடம்? தொழில் அடையாளம் என்பது மனதுக்குள் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. அது சம்பளப் பட்டியலில் இருக்கிறது, ஓய்வறை நாற்காலியில் இருக்கிறது, தண்ணீர்ப் பானையில் இருக்கிறது.

தண்ணீர்ப் பானை என்று சும்மா சொல்லவில்லை. 1918-இல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்து வந்தவர். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய பாடத்தைக் குறை சொல்ல முடியவில்லை, பானையில் வந்து நின்றார்கள். நூறு வருசம் கழித்து 2018-இல், அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்கசாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். பானை சோற்றுப் பானையானது, வேறென்ன மாற்றம்? பள்ளிக்கூடத்தில் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பதைக் கல்வித்துறை மட்டும் தீர்மானிப்பதில்லை, ஊரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

*

அடுத்தது தகுதி. எதற்கெடுத்தாலும் தகுதி என்பார்கள். சரி, தகுதியைப் பற்றியே பேசுவோம்.

பழங்குடி இளைஞர் ஆசிரியராக வேண்டுமென்றால் முதலில் தான் பழங்குடி என்பதை நிரூபிக்க வேண்டும். 1989 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தருகிற அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றிதழைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். போலி இருந்தது உண்மைதான். ஆனால் அலைச்சல் யாருக்கு? மலையிலிருந்து இறங்கி, ஒருநாள் கூலியை விட்டு, கோட்டாட்சியர் ஆபீசு வாசலில் நிற்கிறவருக்குத்தான். அதிலும் பட்டியல் மாவட்டம் பார்த்து எழுதப்பட்டது. சேலத்திலும் தருமபுரியிலும் மலையாளி என்ற சமூகம் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே சமூகம் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டது. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்கிற ஒறம்பரைக்குள்ளேயே ஒருவர் பழங்குடி, இன்னொருவர் இல்லை. ஆனைமலையிலும் உடுமலை மலைகளிலும் வாழும் புலையர் தங்களைப் பழங்குடியாக அங்கீகரிக்கச் சொல்லி எத்தனையோ வருசமாகப் போராடுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டினால் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கியது. 150-க்கு 90 எடுக்க வேண்டும் என்றார்கள். எஸ்.சி., எஸ்.டி., பி.சி. யாருக்கும் சலுகை இல்லை என்றார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 2014-இல்தான் 60 சதவீதத்தை 55 ஆக்கினார்கள். அந்தத் தேர்வு ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை: பிள்ளை பேசுகிற மொழி உனக்குத் தெரியுமா?

இருளர் மொழியைத் தமிழின் கொச்சை என்று நினைக்கிற படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணியருக்கு, சோளகருக்கு, ஊராளிக்குத் தனித்தனிப் பேச்சு உண்டு. தொடக்கப் பள்ளியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. தாய்மொழிக்காக உயிர்கொடுத்த மாநிலம் நாம். அந்தத் ‘தாய்’ காட்டுக்குள்ளும் இருக்கிறாள் என்பது நமக்கு ஏன் உறைக்கவில்லை? நான் சின்னப் பையனாக இருந்தபோது கட்டுரையில் ‘ஒறம்பரை’ என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் அடித்தார்கள். எனக்கு ஒரே ஒரு சொல்லில் நடந்தது, அந்தப் பிள்ளைகளுக்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் நடக்கிறது.

ஆக, கீழேயிருந்து மேலே போகிற ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாதது ஒரு குறையாகக் கணக்கில் வருவதில்லை. மலையிலிருக்கிற ஆசிரியருக்கு அந்த மொழி தெரிவது ஒரு தகுதியாகக் கணக்கில் வருவதில்லை. இந்த இரண்டு கணக்கையும் எழுதுகிற கை ஒன்றுதான்.

அந்தத் திறமை இல்லாமல் வேலை நடக்காது என்பது அரசுக்கும் தெரியும். அதனால் திறமையை எடுத்துக்கொள்கிறது, பதவியைக் கொடுப்பதில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சொல்லிக்கொடுத்தவர்களின் பேர் ‘தன்னார்வலர்’, மாதம் 1,000 ரூபாய். 2022-இல் அரசுப் பள்ளிகளில் தற்காலிகமாக எடுக்க முடிவுசெய்த இடைநிலை ஆசிரியர்களுக்கு முதலில் நிர்ணயித்த தொகை 7,500 ரூபாய். கேரளத்தில் 2017-இல் வயநாட்டுப் பள்ளிகளில், ஆசிரியர் பயிற்சி முடித்த இருநூறுக்கும் மேற்பட்ட பழங்குடி இளைஞர்களை நியமித்தார்கள். பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்கள் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக. நல்ல காரியம், பாராட்டணும். ஆனால் அவர்களுக்கு வைத்த பேர் ‘மென்டர் டீச்சர்’, வேலை தற்காலிகம். பயிற்சி ஒன்று, வகுப்பு ஒன்று, பிள்ளை ஒன்று. பேர் மட்டும் வேறு. பேர் வேறானால் சம்பளம் வேறு, பென்சன் இல்லை, சங்கம் இல்லை, பதவி உயர்வு இல்லை.

*

இங்கே சட்ட மாணவர்கள் இருக்கிறீர்கள். ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஆந்திரத்தில் 2000 ஜனவரியில் ஒரு அரசாணை வந்தது. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளிலுள்ள பள்ளிகளில் ஆசிரியர் பணியிடம் முழுவதும் பழங்குடியினருக்கே என்றது. வெளியிலிருந்து வருகிற ஆசிரியர்கள் பள்ளிக்கே வருவதில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. 2020 ஏப்ரல் 22-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணையை ரத்து செய்தது. நூறு சதவீத இடஒதுக்கீடு செல்லாது என்றது. பழங்குடிகளுக்குப் பழங்குடிகள்தான் பாடம் நடத்த வேண்டும் என்ற எண்ணமே அருவருப்பானது என்கிற அளவுக்குப் போனது.

எனக்கு இந்தத் தீர்ப்பின்மேல் கோபம் உண்டு. பல தலைமுறையாக ‘பழங்குடி அல்லாதவர்தான் பழங்குடிக்குப் பாடம் நடத்துவார்’ என்று நூறு சதவீதமாக நடந்து வந்ததே, அது ஏன் யாருக்கும் அருவருக்கவில்லை? எழுதாத அரசாணையை எந்த நீதிமன்றம் ரத்து செய்யும்?

ஆனால் கோபத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் தீர்ப்புக்குள் நாம் யோசிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பழங்குடி ஆசிரியர் மலைக்கு மட்டும் உரியவர் என்று நாமே எழுதிவிட்டால், அது இன்னொரு சேரிதான். ஆதிவாசி வாத்தியார் கோயமுத்தூர் நகரத்துப் பள்ளிக்கூடத்தில், காந்திபுரத்திலும் பீளமேட்டிலும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித்தர வேண்டும். அவர்கள் ‘வணக்கம் ஐயா’ என்று எழுந்து நிற்க வேண்டும். நமக்கு இரண்டும் வேண்டும். மலைப்பள்ளியில் அவருக்கு முதல் உரிமை, மற்ற பள்ளிகளில் சம உரிமை. ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடுவோம், ‘முதலில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டின் நிலைமை ஆந்திரத்தைவிட மோசம். இங்கே ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலமும் கிடையாது. இருப்பது மாநிலம் முழுமைக்குமான 1 சதவீதம். நூறு பேரில் ஒருவர். அந்த ஒருவர் எந்த மலைக்குப் போவார்?

*

வெளி உலகத்தில் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டால், நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் 1973-இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். பூர்வகுடி ஆசிரியர்கள் நெடுங்காலம் ‘உதவி ஆசிரியர்’களாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். வெள்ளைக்கார ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். யொல்ங்கு மக்களில் மண்டாவுய் யுனுபிங்கு என்பவர் 1988-இல் கல்வியியலில் பட்டம் வாங்கி, 1990-இல் தன் ஊரான யிர்காலாவின் பள்ளிக்கே தலைமையாசிரியரானார். அவர் பாடகரும்கூட. இரண்டு அறிவும் இருபக்கமும் ஓட வேண்டும் என்பதுதான் அந்தப் பள்ளியின் கொள்கை. ஆனால் 2008-இல் அங்கிருந்த அரசு பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம்தான் என்று உத்தரவு போட்டது. தலைமையாசிரியர் நாற்காலி கிடைத்தும் மணியடிக்கிற கயிறு வேறொருவர் கையில் இருந்தால் இதுதான் கதி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூடலூருக்குப் போங்கள். 1988 டிசம்பரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகளைத் திரட்டி நில உரிமைக்காக அந்த ஊரில் ஊர்வலம் போனது. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் வித்யோதயா பள்ளியில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டு இளைஞர்கள் ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அங்கே நிலம் முதலில் வந்தது, பள்ளிக்கூடம் பின்னால் வந்தது. தன் நிலத்தில் நிற்க முடிந்தவர்தான் தன் வகுப்பிலும் நிமிர்ந்து நிற்கிறார்.

*

கடைசியாக நம்மைப் பற்றி. இதைச் சொல்லாமல் போனால் நான் பேசியதெல்லாம் பொய்.

எங்கள் வளவில் முதன்முதலாக வாத்தியாரானவர் எங்க மாமா. முதல் போஸ்டிங் சமவெளியில் ஒரு கிராமம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனார். “எந்த ஊருங்க? எந்த வளவுங்க?” என்று இரண்டே கேள்வி. காலியாக இருந்த வீடெல்லாம் அன்றைக்குச் சாயங்காலமே நிறைந்துவிட்டது. கடைசிவரை பஸ்ஸில்தான் போய் வந்தார். பஸ் லேட்டானால் “கோட்டாவுல வந்தா இப்படித்தான்” என்பார்கள். ரொம்ப நாள் கழித்து அவரை ஒரு மலைப்பள்ளிக்கு மாற்றினார்கள். லீவில் வந்தபோது நான் கேட்டேன், “மாமா, பசங்க எப்படி?” அவர் சொன்னார்: “அட போடா, காட்டுப் பசங்க. மண்டைல ஒண்ணும் ஏறாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைப் பற்றி ஊர் சொன்ன அதே வாக்கியம். அதே சுருதி. அவர் அதை அங்கிருந்து எடுத்து மேலே கொண்டுபோயிருக்கிறார். சாதி இப்படித்தான் படிக்கட்டு படிக்கட்டாக ஏறுகிறது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான்.

நாம் ‘எஸ்.சி., எஸ்.டி.’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். நம்முடைய சங்கங்களின் பெயர்ப் பலகையில் எஸ்.டி. இருக்கிறது. மேடையில்? செயற்குழுவில்? 2023 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் மற்ற துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்போம் என்று அரசு அறிவித்தபோது நாம் எதிர்த்தும் ஆதரித்தும் எவ்வளவு பேசினோம். மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரையாவது மேடைக்குக் கூப்பிட்டு, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேட்டோமா? நான் கேட்கவில்லை. என் பேரையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதனால் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைத்துவிட்டு உட்காருகிறேன். ஒன்று, ஆசிரியர் வேலை செய்கிறவருக்கு ஆசிரியர் என்ற பேரும், அந்தப் பேருக்குரிய சம்பளமும். இரண்டு, பிள்ளைகளின் மொழி தெரிவதை நியமனத்தில் மதிப்பெண்ணாகச் சேர்ப்பது. மலைக்குப் போகிற மற்ற ஆசிரியர்கள் குறித்த காலத்துக்குள் அந்த மொழியைக் கற்க வேண்டும் என்பது. மூன்று, பழங்குடிப் பிள்ளைகள் ஆசிரியர் பயிற்சி படிக்கவும் தகுதித் தேர்வு எழுதவும் உதவித்தொகையோடு கூடிய பயிற்சி, அதுவும் மலைக்குப் பக்கத்திலேயே. நான்கு, தண்டனை மாறுதலாக யாரையும் மலைப்பள்ளிக்கு அனுப்புவதில்லை என்ற உத்தரவு. ஐந்தாவது அரசுக்கு இல்லை, நமக்கு. அடுத்த கருத்தரங்கில் இதே தலைப்பில் பேச வேண்டியவர் நானில்லை. மலையிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து பேச வேண்டும். நான் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன். கிளார்க்குக்கு அது நல்லா வரும்.

அந்தப் பெண் ஒரு வருசம் கழித்து மறுபடியும் வங்கிக்கு வந்தார், முகவரி மாற்ற. பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இதர’ என்ற கட்டத்தில் என் டிக் அப்படியே இருந்தது. புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, “இதையும் மாத்திக்கலாமுங்க” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பேனாவை வாங்கி, நிதானமாக, கட்டத்துக்குள் அடங்காத பெரிய எழுத்தில் எழுதினார்: ஆசிரியர்.

அந்தப் படிவத்தை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வங்கிக்கு அவர் இப்போது ஆசிரியர். அரசுக்கு எப்போது என்பதுதான் மிச்சம்.